இரண்டு வாரம் போதும்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் அக்காவை மாடிப்படியில் உட்காரவைத்துவிட்டு வந்தோம். ஆணையத்திலிருந்து வந்த தடித்த காகிதக் கட்டு அவள் மடியில் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல்கள் தங்களுக்குச் சாதகமாக இணைத்திருந்த ஆவணங்களில் நாற்பத்தோராவது, அவளே கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள். அதைப் பார்த்த பிறகு மிச்சப் படிகளை ஏற அவளுக்குத் தோன்றவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. சலவைக் கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கு மேல்மாடியில் இரண்டு அறை. அதில் ஒரு வீடியோ கேம் கம்பெனி. கம்பெனி என்றால் மொத்தம் மூன்று பேர். அக்கா கதை யோசிப்பாள், படம் வரைவாள், வெளியாட்களோடு பேசுவாள். தம்பி புரோகிராம் எழுதுவான். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் செய்வதை நாள் முழுக்க விளையாடிப் பார்த்து எங்கே உடைகிறது என்று சொல்வது அவள் வேலை. தயவு தாட்சண்யம் பார்க்கமாட்டாள்.

ஆறு வருஷமாக மூவரும் ஒரே கேமைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பதினாலு மாடிக் கட்டடம், ஒரு லிஃப்ட், அதை இயக்கும் ஒரு லிஃப்ட்காரர். ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே அவர் எந்த மாடிக்குப் போகிறார், என்ன மனநிலையில் போகிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்கச் சப்பென்று இருக்கும். உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தால் எழுந்திருக்கமாட்டீர்கள்.

இந்த மாதிரி கேமை யாரும் அடியிலிருந்து எழுதுவதில்லை. நடப்பது, விழுவது, வெளிச்சம் படுவது எல்லாம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கும் மென்பொருள் ஒன்று உண்டு, இன்ஜின் என்பார்கள். உரிமம் வாங்கி, அதன்மேல் தங்கள் கேமைக் கட்டிக்கொள்வார்கள். இவர்கள் கட்டியிருக்கும் இன்ஜினின் கம்பெனியை, டிவியில் மாட்டி விளையாடும் பெட்டியை விற்கும் பெரிய கம்பெனி ஒன்று இப்போது அப்படியே வாங்கப் பார்க்கிறது. பெட்டி அவர்களுடையது. பெட்டிக்குள் கேம் விற்கும் கடையும் அவர்களுடையது. அந்தக் கடையின் முன்வரிசையில் நிற்கும் கேம்களில் பாதியும் அவர்களுடையதே. இனி மற்றவர்கள் கேம் செய்யும் இன்ஜினும் அவர்கள் கைக்குப் போகும். இந்த வீட்டில் அவர்களுக்குப் பெயர் ‘பெட்டிக்காரங்க’.

எல்லாம் ஒரே கைக்குப் போனால் மற்றவர்கள் கதி என்ன என்று பார்ப்பதற்கென்றே ஒரு போட்டி ஆணையம் இருக்கிறது. அது நாற்பது சின்னக் கம்பெனிகளுக்கு முப்பத்தொரு கேள்வி அனுப்பியது. பதில் போட்டவர்கள் ஒன்பது பேர். நேரில் வந்து பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டது அக்கா ஒருத்திதான். மற்றவர்களுக்குப் பெட்டிக்காரர்களின் கடையில் இடம் வேண்டும். எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்று இருந்துவிட்டார்கள்.

அக்கா கேட்பது ஒரே ஒரு நிபந்தனை. தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பத்து வருஷத்துக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி, ஒரே நாளில் இன்ஜினைக் கொடுக்க வேண்டும். அந்த நிபந்தனை கிடைத்தால் லிஃப்ட்காரர் பிழைத்துக்கொள்வார். கிடைக்காவிட்டால் ஆறு வருஷ உழைப்பு பெட்டிக்காரர்களின் தயவில் நிற்கும்.

அதற்குக் குறுக்கே நிற்பது பதினேழாவது கேள்வி. ‘இந்த இன்ஜின் கிடைக்காமல் போனால், நீங்கள் வேறு இன்ஜினுக்கு மாற எவ்வளவு காலம் ஆகும்?’ அதற்கு எழுதியிருந்த பதில்: ‘இரண்டு வாரம் போதும்.’

எழுதியது தம்பி. அக்கா பித்தப்பை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரம் அது. கடைசி நாள், நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். “நீயே எழுதிடு, நான் கையெழுத்துப் போடறேன்” என்று போனில் சொன்னாள். அந்தப் போனிலேயே விரலால் கையெழுத்தும் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை.

தம்பிக்கு உலகத்தில் எந்த வேலையானாலும் இரண்டு வாரம்தான். குளியலறைக் குழாய் சொட்டினால் இரண்டு வாரம். கேமில் புதிதாக ஒரு மாடி சேர்க்க இரண்டு வாரம். புரோகிராம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். கேட்டவுடன் நாக்கு நுனியில் வந்து நிற்கும். வேலை முடிவது அதன் இஷ்டத்துக்கு முடியும். வீட்டில் யாரும் அதை நம்புவதில்லை என்பதால் இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆணையத்துக்கு இந்தப் பழக்கமெல்லாம் தெரியாது. அச்சடித்த தாளில் எழுதினால் அதை அப்படியே எடுத்துக்கொள்கிற இடம் அது.

இனி, விசாரணை நாள்.

*

கீழே சலவைக் கடையில் முந்தின நாளே கொடுத்து இஸ்திரி போட்டு வாங்கிய சட்டையை அக்கா காலை ஏழு மணிக்கே போட்டுக்கொண்டுவிட்டாள். கசங்கிவிடும் என்று உட்காராமல் நின்றபடியே காபி குடித்தாள். அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லிஃப்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன சொல்லப் போற?” அம்மா திரும்பாமலே கேட்டாள்.

“உள்ளத சொல்லப் போறேன். தப்பா எழுதிட்டோம், ரெண்டு வருஷம் ஆகும்னு.”

“அவங்க சும்மா விட்டுடுவாங்களா?”

“விடமாட்டாங்க. வேற வழி?”

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அக்கா அவனைப் பார்த்தாள்.

“நீ எங்க கெளம்பற?”

“நானும் வரேன்க்கா. தனியா எப்படிப் போவ?”

“வர்றதுன்னா வா. ஆனா அங்க வாயத் திறக்கக் கூடாது.”

“நான் எதுக்குத் திறக்கப் போறேன்.”

அம்மா ஒன்பதாவது மாடியில் லிஃப்டை நிறுத்தி, கதவு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தாள். “பாத்துப் பேசுங்க ரெண்டு பேரும்” என்றாள். இரண்டு பேரில் ஒருவன் பேசவே போவதில்லை என்று இப்போதுதான் முடிவாகியிருந்தது. ஆனால் அம்மா முப்பது வருஷம் மற்றவர்கள் பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள். யார் எப்போது வாயைத் திறப்பார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் தெரியும்.

*

ஆணையத்தின் விசாரணை அறை ஐந்தாவது மாடியில் இருந்தது. நீளமான இரண்டு மேஜைகள். ஒரு பக்கம் பெட்டிக்காரர்கள் தரப்பில் பதினோரு பேர், ஆளுக்கொரு லேப்டாப், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மறுபக்கம் அக்கா, ஒரு ஃபைல். தம்பி பின்னால் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தான்.

நடுவில் ஆணையத்தின் தலைவி. வெட்டிய நரைமுடி, கையில் ஒரு பென்சில். அதிகம் பேசாதவர், பேசினால் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

முதல் அரை மணி நேரம் நன்றாகவே போனது. விற்பனை அறிவிப்பு வந்த பிறகு இன்ஜின் கம்பெனியிடம் தாங்கள் எழுதிக் கேட்ட ஒரு பிழைத் திருத்தம் ஒன்பது வாரம் கழித்து வந்ததையும், அதே திருத்தம் பெட்டிக்காரர்களின் சொந்தக் கேம் குழுவுக்கு மூன்றாம் நாளே போயிருந்ததையும் அக்கா தேதியோடு சொன்னாள். பதினோரு பேரில் நாலு பேர் தலையைக் குனிந்து ஏதோ தட்டினார்கள்.

“வேற இன்ஜினுக்கு மாறினா என்ன ஆகும்? சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க” என்றார் தலைவி.

“எங்க கேம் முழுக்க லிஃப்ட்டுக்குள்ளதாங்க நடக்குது” என்றாள் அக்கா. “லிஃப்ட் மேல போகும்போது உள்ள நிக்கறவங்களும் கூடவே போகணும். கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா அது இந்த இன்ஜினோட கணக்குல நாங்க ஆறு வருஷமா இழைச்சு இழைச்சு கொண்டுவந்தது. வேற இன்ஜின்ல போட்டா லிஃப்ட் மேல போயிடும், ஆளுங்க கீழயே நிப்பாங்க. இல்லன்னா தரை வழியா விழுந்துடுவாங்க.”

தலைவி லேசாகச் சிரித்தார். அறையில் இன்னும் சிலரும் சிரித்தார்கள். அக்காவுக்கு மூச்சு சீராக வந்தது.

பிறகு பெட்டிக்காரர்களின் வக்கீல் எழுந்தார். வெள்ளிச் சட்டக் கண்ணாடி, மெல்லிய குரல். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. குரலை உயர்த்துகிற வக்கீல் என்றால் நாமும் பதிலுக்கு உயர்த்தலாம். இவரிடம் அந்த வசதியும் கிடையாது.

“மேடம், பதினேழாவது பதில ஒரு தடவை படிக்கிறீங்களா?”

“இரண்டு வாரம் போதும்.”

“கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“படிச்சுப் பார்த்துட்டுத்தானே போட்டீங்க?”

“இல்ல. ஆஸ்பத்திரில இருந்தேன். படிக்காமப் போட்டுட்டேன். அது என் தப்பு.”

“பரவாயில்ல, உடம்பு முக்கியம். நிஜத்துல எவ்வளவு நாள் ஆகும்?”

“ரெண்டு வருஷம்.”

“ரெண்டு வாரம் எங்க, ரெண்டு வருஷம் எங்க.” வக்கீல் வருத்தப்படுகிறவர் மாதிரித் தலையாட்டினார். “இத எழுதினது யாரு?”

“எங்க புரோகிராமர். என் தம்பி.”

“புதுசா வேலைக்கு வந்தவரா?”

“இல்ல. பதினஞ்சு வருஷமா இதே வேலை.”

“பதினஞ்சு வருஷம்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப ஒரே ஒரு சந்தேகம் மேடம். அவர் இத தெரிஞ்சு எழுதினாரா, தெரியாம எழுதினாரா?”

அக்கா ஃபைலைத் திறந்தாள். கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: தெரிந்தே தவறான தகவல் தருவது குற்றம். தெரிந்து எழுதினான் என்றால் தம்பி குற்றவாளி. தெரியாமல் எழுதினான் என்றால், பதினைந்து வருஷம் வேலை பார்த்தவனுக்கே தெரியாத விஷயத்தில் ‘இரண்டு வருஷம்’ என்று படம் வரைகிற நீ எப்படிச் சொல்கிறாய் என்பது அடுத்த கேள்வி. எந்தப் பக்கம் போனாலும் அடி. அவள் தம்பியைக் காப்பாற்றுகிற பக்கமாகப் போனாள்.

“தெரியாம எழுதிட்டான்” என்றாள். அது போதாதோ என்று பயந்து இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். “அவனுக்கு இந்த விஷயத்துல அவ்வளவா அனுபவம் பத்தாதுங்க. எதைக் கேட்டாலும் ரெண்டு வாரம்னுதான் சொல்லுவான். வீட்ல நாங்க யாரும் அத நம்பறதில்ல.”

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை பதினோரு பேரும் சிரித்தார்கள்.

பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“எனக்குத் தெரியும்” என்றான் தம்பி. முகம் சிவந்திருந்தது. “அந்த வேலைய பத்தி எனக்கு எல்லாமே தெரியும். ரெண்டு வாரத்துல என்னால மாத்த முடியும்.”

“உட்காருடா” என்றாள் அக்கா. மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் அதுவும் பதிவானது.

வக்கீல் உடனே தலைவி பக்கம் திரும்பினார். வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள். “பதில எழுதினவரே முடியும்னு சொல்றார். செஞ்சு காட்டட்டுமே. முடிஞ்சுதுன்னா எங்க கட்சிக்காரர்மேல நிபந்தனை எதுக்கு? இவங்க நெனச்சா ரெண்டு வாரத்துல வேற இன்ஜினுக்குப் போயிடலாமே.”

தலைவி பென்சிலால் தம்பியைக் காட்டினார். “நீங்க சாட்சி இல்ல. உங்கள யாரும் கட்டாயப்படுத்தல. இருந்தாலும் கேக்கறேன். செஞ்சு காட்ட சம்மதமா?”

அப்போது அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அறையில் இருந்த அத்தனை பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள் என்று நினைக்கிறேன், வக்கீல் உட்பட.

“சம்மதம்” என்றான்.

தலைவி பென்சிலைக் கீழே வைத்தார். “நாளை காலை ஒன்பது மணிக்கு எங்க தொழில்நுட்ப அதிகாரி உங்க இடத்துக்கு வருவாங்க. பதினாலு நாள் கூடவே இருந்து குறிப்பு எடுப்பாங்க. கேம் வேற இன்ஜின்ல ஓடினா பதினேழாவது பதில் நிக்கும். ஓடலன்னா உங்க அக்கா இன்னைக்குச் சொன்னது நிக்கும்.”

தம்பி ஜெயித்தால் அக்கா கேட்ட நிபந்தனை கிடைக்காது. அவன் தோற்றால்தான் கம்பெனி பிழைக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் பரீட்சைக்கெல்லாம் இவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். இப்படி ஒரு வேண்டுதல் வரும் என்று நினைத்ததில்லை.

*

பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். நிறுத்தம் வந்ததும் அவன்தான் முதலில் எழுந்து மணியை அழுத்தினான். அவள் ஃபைலை அவன் வாங்கிக்கொள்ள நீட்டிய கையை அவள் பார்க்காத மாதிரி இறங்கினாள்.

அம்மா விசாரணை முழுவதையும் மாடியில் உட்கார்ந்து நேரலையில் பார்த்திருந்தாள்.

“அந்தத் தலைவியம்மா நல்லா பேசறாங்க” என்றாள், தட்டு வைத்தபடி. “வக்கீல் அப்பப்ப தண்ணி குடிச்சார் பாத்தியா. உள்ளுக்குள்ள அவருக்கும் பயந்தான்.”

அம்மா சாதத்தைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“சரி. யார் சொன்னது நெஜம்? எனக்காவது சொல்லுங்க. நாளைக்கு வர்றவங்க முன்னால நான்தானே உக்காந்து விளையாடணும்.”

தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “அக்கா சொன்னதுதான் நெஜம்” என்றான். “ரெண்டு வருஷம். தூக்கமில்லாம பண்ணா ஒண்ணே முக்கால்.”

அக்கா சாப்பிடுவதை நிறுத்தினாள். “அப்புறம் எதுக்குடா அங்க எந்திரிச்ச?”

“நீ எனக்கு அனுபவம் பத்தாதுன்ன.”

“உன்ன காப்பாத்தத்தான்டா சொன்னேன்.”

“தெரியும்க்கா. அது தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க பாரு, அப்ப முடியல.”

“மொதல்ல அந்தப் பதில எதுக்கு அப்படி எழுதின?”

அவன் யோசித்தான். “யாராவது எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டா ரெண்டு வருஷம்னு சொல்ல வாய் வரமாட்டேங்குதுக்கா. வேலை தெரியாதவன் சொல்ற மாதிரி இருக்கு. அதுவும் ஆணையத்துலேர்ந்து அச்சடிச்சு என்னைக் கேக்கறாங்க. என்னை யாரு இதுவரைக்கும் அப்படிக் கேட்டிருக்காங்க?”

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று காத்திருந்து பார்த்தாள். காலையிலிருந்து அவனைப் பற்றித் தான் சொன்னதெல்லாம்தான் மனதில் திரும்பத் திரும்ப வந்தது. வீட்டில் சிரிக்கிற விஷயத்தை வெளியே கொண்டுபோய்ச் சிரிக்கவைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

“நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றாள்.

“விடுக்கா. நாளைலேர்ந்து ஒழுங்கா முயற்சி பண்றேன். ஏமாத்தமாட்டேன், இழுத்தடிக்கமாட்டேன். எப்படியும் முடியாது. பதினாலாவது நாள் அந்த அதிகாரியே எழுதிக் குடுத்துடுவாங்க முடியலன்னு. உன் நிபந்தனை கெடைக்கும்.”

“உன் பேரு?”

“போனா போகுது. பேரெடுத்து என்ன பண்ணப் போறேன்.”

அவன் தோற்றுவிடுவான் என்பதில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் காலையிலிருந்து இறங்காத சாப்பாடு அப்போதுதான் இறங்கியது. அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா மட்டும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் எடுத்து வைத்தாள்.

நாலு மணிக்குத் தம்பி மாடிக்குப் போனான். “ஒரு நகல் எடுத்து வேற கம்பெனி இன்ஜின் ஒண்ணுல சும்மா போட்டுப் பாக்கறேன். எங்கெங்க உடையுதுன்னு தெரிஞ்சா நாளைக்கு அவங்களுக்கு விளக்க வசதியா இருக்கும்.” அம்மாவும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அக்கா சட்டையை மாற்றிக்கொண்டு அப்படியே படுத்துத் தூங்கிவிட்டாள்.

எழுந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மாடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“ஏம்மா, கொஞ்சம் மேல வா.”

அம்மா சாதாரணமாகக் கூப்பிட்டாலே பத்துப் பிழை சொல்லப்போகிறாள் என்று அர்த்தம். அக்கா எத்தனை பேர் தரை வழியாக விழுந்தார்கள் என்று கேட்கும் உற்சாகத்தோடுதான் படியேறினாள்.

திரையில் லிஃப்ட் போய்க்கொண்டிருந்தது; அம்மா மவுஸால் ஓட்ட, தம்பி பக்கத்தில் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தான். உள்ளே லிஃப்ட்காரர், குடை வைத்திருக்கும் பெண்மணி, பல்வலிக்காரர், மூவரும் நின்றிருந்தார்கள். ஆறு, ஏழு, எட்டு என்று எண் மாறியது. மூவரும் கூடவே மேலே போனார்கள். வெளிச்சம் கொஞ்சம் கன்னாபின்னாவென்று இருந்தது, சத்தம் வரவில்லை. ஆனால் ஆட்கள் அசையாமல் நின்றார்கள்.

“பதினாலு வரைக்கும் மூணு தடவை போயிட்டு வந்துட்டேன்” என்றாள் அம்மா. “ஒருத்தரும் விழல. நல்லாத்தான் பண்ணியிருக்கான்.”

“இது பழசுதானே?” என்றாள் அக்கா.

“இல்லக்கா. புது இன்ஜின்.” என்றான் தம்பி. “போன வாரம் இந்த இன்ஜின்காரங்க, மத்த இன்ஜின்லேர்ந்து கேம மாத்தற கருவி ஒண்ணு விட்டிருக்காங்க. பெட்டிக்காரங்களுக்குப் பயந்து நெறைய பேர் ஓடி வருவாங்கன்னு எதிர்பார்த்து, நம்ம மாதிரி ஆளுங்களுக்காகவே. நான் வழக்கு வேலைல கவனிக்கல. உள்ள தள்ளினேன், பாதிக்கு மேல அதுவே மாத்திடுச்சு. லிஃப்ட் கணக்க மட்டும் நான் உக்காந்து எழுதினேன். ஒரு மணி நேரந்தான் ஆச்சு.”

“மிச்சம் எவ்வளவு நாள் ஆகும்?”

அவன் வாயில் இரண்டு வாரம் வரவில்லை. “தெரியலக்கா” என்றான். “நெஜமாவே தெரியல.”

ஆனால் அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. அடக்கப் பார்க்கிறான், அடங்கவில்லை. ஆறு வயதில் உடைந்த ரேடியோவைப் பாடவைத்தபோது சிரித்தானே, அதே சிரிப்பு. அக்காவுக்கு அதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. திரையில் பல்வலிக்காரர் பதினோராவது மாடியில் இறங்கி, திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு நடந்து போனார்.

“அந்தக் கருவி பத்தி நாளைக்கு வர்ற அதிகாரிக்குத் தெரியுமா?” என்று அக்கா கேட்டாள்.

“தெரியாம இருக்கலாம். வந்து ஒரு வாரந்தானே ஆகுது.”

“நாம இன்னைக்கு இத செஞ்சு பார்த்தது?”

“அதுவும் யாருக்கும் தெரியாது. நகல்தான். அழிச்சுட்டா போயிடும்.”

“அதிகாரி இன்னும் வரலேல்ல” என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது. காலையில் ஒரு தவறான பதிலுக்காக ஐந்தாவது மாடியில் நின்று வியர்த்தவள் அவள்தான். அம்மா லிஃப்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

தம்பியின் சிரிப்பு போய்விட்டிருந்தது.

“வரல” என்றான். “காலைல ஒம்பது மணிக்குத்தான் வருவாங்க.” பிறகு கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்தான். கீபோர்டை மேஜைமேல் மெதுவாக நகர்த்தி அக்காவின் முன்னால் வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து அவளுக்கு இடம் விட்டான்.